பங்குனியில் தக்காளி நட்டால் மொட்டைமாடியில் காய்க்குமா?

பெரம்பூர்மாடி:
ரெண்டு நாளா மனசு ஆறல, எழுதிடறேன். தோட்டப்பித்தன் சார் போன வாரம் சொன்னது: "வசந்தம் வந்தாச்சு. பங்குனியில் தக்காளி நாற்றைப் பையில் நடுங்க, சித்திரைக் கடைசியில் கூடை கூடையா பறிக்கலாம். பூ கொட்டினா தேமோர், அதான் மோரும் தேங்காய்ப்பாலும் புளிக்கவெச்ச கரைசல், தெளிச்சா நின்னுடும்." இதை நம்பி எங்க தெருவுல ரெண்டு பேர் நாற்று வாங்கிட்டு வந்துட்டாங்க. சென்னை மாடியில் இது நடக்காது. பூ கொட்டறது ராத்திரிச் சூட்டால. ராத்திரி 24 டிகிரிக்குக் கீழ இறங்கலைன்னா தக்காளியில பிஞ்சு பிடிக்கறதே பெரும்பாடு. சித்திரையில இங்க விடியற்காலையிலேயே 26, 27 இருக்கு. மோர் வந்து என்ன பண்ணும்?

தோட்டப்பித்தன்:
அம்மா, நான் 11 வருஷமா மாடியில் தோட்டம் போடறேன். நீங்க தெர்மாமீட்டரைப் பார்த்துச் செடி வளர்க்கறீங்க, நான் செடியைப் பார்த்து வளர்க்கறேன். புளிச்ச மோரையும் தேங்காய்ப்பாலையும் கலந்து ஒரு வாரம் ஊறவெச்சு, தண்ணி விட்டுத் தெளிச்சா பூ நிக்கும். கண்ணால பார்த்ததைச் சொல்றேன்.

பெரம்பூர்மாடி:
பூ நிக்கறது வேற, காய் பிடிக்கறது வேற சார். தக்காளிப் பூவை என்னிக்காவது கிட்டப்போய்ப் பார்த்திருக்கீங்களா? நடுவுல மஞ்சளா கூம்பு மாதிரி இருக்குமே, அதுக்கு உள்ளதான் மகரந்தம். தை மாசத்துல கறுப்புக் காகிதத்தைக் கீழ பிடிச்சுக்கிட்டுப் பூக்காம்பை விரலால சுண்டினா, மாவு சலிச்ச மாதிரி மஞ்சளா கொட்டும். அதே செடியில சித்திரையில சுண்டிப் பார்த்தேன், காகிதம் வெறுமையா இருந்தது. சூட்டுல மகரந்தம் செத்துப்போகுது. மிச்சம் மீதி இருக்கறதும் இந்தக் கடற்கரைப் புழுக்கத்துல கட்டிதட்டிக்கும். அப்புறம் காம்புல முட்டி மாதிரி இருக்கற இடம் மஞ்சளாகி, மூணாம் நாள் பூ தரையில கிடக்கும். மோரா அதுக்கு உயிர் குடுக்கும்?

கொல்லைப்புறம்:
தஞ்சாவூர் பக்கம் எங்க வீட்டுக் கிணத்தடியில சித்திரையிலதான் நாட்டுத்தக்காளி காய்ச்சுது. யாரும் மோர் தெளிக்கல, தெர்மாமீட்டரும் வெக்கல. இன்னொண்ணு, பங்குனியை வசந்தம்னு யார் சொன்னது? மாசி, பங்குனி பின்பனி. சித்திரை, வைகாசிதான் இளவேனில். முதல்ல பெரும்பொழுதைச் சரியா எழுதுங்க.

தோட்டப்பித்தன்:
பார்த்தீங்களா, ஐயா வீட்டுல காய்ச்சிருக்கு!

பெரம்பூர்மாடி:
கிணத்தடி! தென்னை நிழல், ஈர மண், சுத்தி வாழை. அதையும் சிமெண்டு மாடியையும் ஒரே தராசுல வெக்கறீங்க. ராத்திரி பத்து மணிக்கு வெறுங்காலோட மாடிக்குப் போய் நில்லுங்க சார். பகல் பூரா குடிச்ச வெயிலைத் தளம் அப்பத்தான் கக்கிக்கிட்டு இருக்கும், பாதம் தாங்காது. பையில இருக்கற வேருக்கும் அதே கதிதான். ராத்திரிச் சூடுன்னு திரும்பத் திரும்பச் சொல்றேன், யார் காதுலயும் ஏறல.

கீரைக்கட்டு:
அக்கா, 50 சதவீத நிழல் வலை போட்டா சரியாகுமா?

பெரம்பூர்மாடி:
வலை பகல் வெயிலைத்தான் தடுக்கும் தம்பி. ராத்திரி என்ன பண்ணும்?

தோட்டப்பித்தன்:
எதைக் கேட்டாலும் ராத்திரி, ராத்திரி! பிகேஎம் 1 ரகம் வெயில் தாங்கும்னு பெரியகுளத்துல ஆராய்ச்சி பண்ணினவங்களைவிட நீங்க பெரியவங்களா?

பெரம்பூர்மாடி:
செடி தாங்கும் சார், வாடாம பச்சைப்பசேல்னு நிக்கும். நான் கேக்கறது காயை. கோடையில கோயம்பேட்டுக்குத் தக்காளி எங்கேருந்து வருது? மதனப்பள்ளி, கோலார். ரெண்டும் மேட்டு நிலம், பகல்ல எவ்வளவு காய்ஞ்சாலும் ராத்திரி இறங்கிடும். உங்க மோர்ல காய் பிடிக்கும்னா மதுரவாயல் மாடியிலேருந்தே லாரி ஏத்தியிருப்பாங்களே.

தோட்டப்பித்தன்:
மோரைப் பழிக்காதீங்க. உங்களுக்கு என் மேல கோபம் தக்காளியால இல்ல, போன ஆடியில நான் குடுத்த சுரை விதையால.

பெரம்பூர்மாடி:
ஆமா, அதுவும்தான். பத்து விதையில ஒண்ணு முளைச்சது. "மண் சரியில்ல"ன்னு என்னையே குத்தம் சொன்னீங்க. அதே மண்ணுல என் புடலை பந்தலை இழுத்துக்கிட்டு ஓடிச்சு.

தோட்டப்பித்தன்:
தென்னை நார்க்கழிவைக் கழுவாம உப்போட போட்டிருப்பீங்க. போர் தண்ணி வேற.

பெரம்பூர்மாடி:
மூணு தண்ணி கழுவித்தான் போட்டேன். போர் தண்ணி எங்க வீட்டுலயே கிடையாது.

கொல்லைப்புறம்:
ஆடிப்பட்டம் தேடி விதைன்னு பெரியவங்க சும்மா சொல்லல. விதையைக் குத்தம் சொல்ல வேண்டாம். அம்மாவுக்குப் பொறுமை கம்மி.

பெரம்பூர்மாடி:
ஐயா, வயசுக்கு மரியாதை குடுக்கறேன். பொறுமை இல்லாதவளா மூணு வருஷமா தினம் காலை அஞ்சரைக்கு மாடியேறி டிகிரியைக் குறிச்சு வெச்சிருப்பா? பட்டத்தைப் பத்தி அவ்வளவு பேசறீங்களே, பங்குனியில தக்காளி போடுன்னு எந்தப் பெரியவர் சொன்னார்?

கீரைக்கட்டு:
நாற்று வாங்கிட்டேன், ஆறு இருக்கு. என்னதான் செய்யறது?

பெரம்பூர்மாடி:
நட்டு வை, கிழக்குப் பக்கம், மத்தியானம் நிழல் விழற இடமா பாரு. தளத்துல நேரா வெக்காதே, ரெண்டு செங்கல் மேல பையை ஏத்து. காய்க்கு ஆசைப்படாதே. வேற பையில வெண்டை, கொத்தவரை, தண்டுக்கீரை, காராமணி போடு. அதுங்களுக்கு இந்தப் புழுக்கம் கொண்டாட்டம். இலை சுருண்டா வெள்ளை ஈ வந்திருக்கு, ஒரு லிட்டர் தண்ணிக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல். சாயங்காலம் தெளி.

தோட்டப்பித்தன்:
தம்பி, தேமோரும் தெளி. பத்து நாளைக்கு ஒரு தடவை.

பெரம்பூர்மாடி:
வந்துட்டார் மோரோட! மூணு செடிக்குத் தெளிங்க, மூணு செடிக்குத் தெளிக்காதீங்க, கொத்துக்கு எத்தனை பிஞ்சுன்னு எண்ணிச் சொல்லுங்க. இதைப் போன வருஷமே கேட்டேன். பதிலுக்கு வந்தது ஒரு படம், அதுல காய்ச்சது மணத்தக்காளி அளவுல நாலு செர்ரி. செர்ரி கொஞ்சம் தாக்குப்பிடிக்கும்னு எனக்கும் தெரியும்.

தோட்டப்பித்தன்:
செர்ரியும் தக்காளிதான்!

பெரம்பூர்மாடி:
கூடை கூடையான்னு எழுதினது நாலு செர்ரியைத்தானா?

தோட்டப்பித்தன்:
வைகாசியில படம் போடறேன். அதுவரைக்கும் உங்களுக்குப் பதில் எழுத மாட்டேன்.

பெரம்பூர்மாடி:
காம்போட, செடியில தொங்கற மாதிரி எடுங்க. பக்கத்துல அன்னிக்குப் பேப்பரை வெச்சு எடுங்க.

தோட்டப்பித்தன்:
என்னைத் திருடன்ங்கறீங்களா? போன வருஷப் படமும் என் செடிதான். சுரை விதையும் நல்ல விதைதான்.

கொல்லைப்புறம்:
பங்குனி பின்பனி. இன்னும் யாரும் திருத்தல.