வினைல் ராப் ஒட்டிய காரில் பம்பர் குழியிலும் கதவு ஓரத்திலும் எழும்புகிறது: படலமா, வேலையா, பெயிண்டா?

திருச்சி ஸ்விஃப்ட்:
வணக்கம் நண்பர்களே. என்னுடையது 2017 மாடல் வெள்ளை ஸ்விஃப்ட். ஏப்ரல் கடைசியில் இங்கே ஒரு கடையில் முழு வண்டிக்கும் சாட்டின் (அரை மினுமினுப்பு) அடர் சாம்பல் நிறத்தில் ராப், அதாவது பெயிண்டின் மேல் ஒட்டும் வினைல் படலம், ஒட்டினேன். டெலிவரி எடுத்த அன்று பளிச்சென்று இருந்தது. மே வெயில் ஏறியதும் தொல்லை ஆரம்பித்துவிட்டது.

முன் பம்பரில் ஃபாக் லேம்ப் இருக்கும் குழிக்குள் படலம் உள்ளே ஒட்டாமல், குழியின் மேலே விறைப்பாக எழும்பி நிற்கிறது. விரலால் அமுக்கினால் உள்ளே போகிறது, விட்டால் திரும்பி வருகிறது. பின்பக்க இடது கதவின் கீழ் ஓரம் பிரிந்து தூசி ஏறியிருக்கிறது. அதே கதவின் நடுவில் சின்னச் சின்னக் கொப்புளங்களும் உண்டு. பானெட்டிலும் இரண்டு மூன்று குமிழ்கள் தெரிகின்றன.

கடையில் ஹீட் கன் காட்டி அமுக்கிக் கொடுத்தார்கள். சில நாளில் மறுபடி அதே கதை. ‘வெயில் அப்படி சார், நாங்க என்ன பண்றது’ என்கிறார்கள். தப்பு எதில் இருக்கிறது? அப்புறம், ஆர்.சி.யில் இன்னும் வெள்ளை என்றுதான் இருக்கிறது. அதற்கு என்ன செய்வது என்றும் சொல்லுங்கள்.

கோவை ராப் வேலை:
தம்பி, பதில் சொல்வதற்கு முன் மூன்று கேள்வி. அந்த இடது கதவு எப்போதாவது டிங்கரிங், பெயிண்டிங் பார்த்ததா? படலத்தின் பின்தாளில் ஏதாவது கம்பெனி பெயர் அச்சாகியிருந்ததா? மிச்சத் துண்டு கையில் இருக்கிறதா?

திருச்சி ஸ்விஃப்ட்:
ஆமாம் அண்ணா. ராப் ஒட்டுவதற்குக் கொஞ்ச வாரம் முன்னால்தான் ஒரு பைக் இடித்து, அந்தக் கதவுக்கு ஷெட்டில் பட்டி போட்டு பெயிண்ட் அடித்தோம். மற்ற எல்லாம் கம்பெனி பெயிண்ட். பில்லில் ‘இம்போர்டட் சாட்டின்’ என்று மட்டும் போட்டிருக்கிறார்கள். கடையில் கேட்டு ஒரு துண்டு வாங்கினேன், பின்தாளில் கம்பெனி பெயர் வரிவரியாக அச்சாகியிருக்கிறது.

கோவை ராப் வேலை:
கம்பெனி பெயர் இருப்பதால் மட்டும் படலம் நல்ல வகை என்று சொல்லிவிட முடியாது. முடிந்தால் அந்தத் துண்டின் பின்தாளை உரித்து, இலேசாகச் சூடு காட்டிப் பாருங்கள். மலிவான காலண்டர் வகை சுருண்டு சுருங்கும். கார் வளைவுகளுக்கான காஸ்ட் வகை அவ்வளவாகச் சுருங்காது. இரண்டும் பிவிசிதான், செய்யும் முறைதான் வேறு. காலண்டர் வகையை உருளைகளுக்கு நடுவே நசுக்கி இழுத்துத் தகடாக்குவார்கள், அந்த இழுவை உள்ளேயே தங்கிவிடும். காஸ்ட் வகையைத் திரவமாக ஊற்றி உலர்த்துவதால் அது இறுக்கம் இல்லாமல் பிறக்கிறது.

எங்கே எழும்புகிறது என்று பார்த்தாலே பாதிக் காரணம் பிடிபட்டுவிடும். உங்கள் வண்டியில் மூன்று இடம், மூன்றும் வேறு வேறு வியாதி. கடைக்காரர் மூன்றுக்கும் ஹீட் கன் ஒன்றையே மருந்தாகக் கொடுத்திருக்கிறார்.

முதலில் பம்பர். எவ்வளவு நல்ல காஸ்ட் படலமானாலும், சூடு காட்டி இழுத்துக் குழிக்குள் தள்ளினால் அதற்குப் பழைய அளவு ஞாபகம் இருக்கும். வெயில் பட்டதும் திரும்பிப் போகப் பார்க்கும். அந்த ஞாபகத்தை அழிக்கத்தான் ஒட்டி முடித்த பிறகு போஸ்ட் ஹீட் கொடுப்பது. படலத்தைப் பொறுத்து 90 முதல் 110 டிகிரி வரை மேற்பரப்பு சூடாக வேண்டும். இதைக் கையால் தொட்டுக் கணிக்க முடியாது. இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை நீட்டிப் பார்த்து, குழியின் ஒவ்வொரு மூலையிலும் அந்தச் சூடு ஏறியதா என்று உறுதி செய்ய வேண்டும். 60 டிகிரியில் காட்டிவிட்டு விட்டால் படலம் மென்மையாகும், அமுங்கும், ஒட்டியது போலவே தெரியும். வெயில் ஏறினால் எழும்பிவிடும். உங்களுக்கு நடந்தது இதுதான் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று, குழிக்குள் எப்படி இறக்கினார்கள் என்பது. சரியான முறை, படலத்தைக் குழியின் மேல் பாலம் போலப் பரப்பி நிறுத்தி, சூடு காட்டி, நடுவிலிருந்து உள்ளே இறக்கி எல்லாப் பக்கமும் சமமாக நீள வைப்பது. ஒரு பக்கம் ஒட்டிவிட்டு மறுபக்கம் இழுத்துத் திணித்தால் ஒரே இடம் அளவுக்கு மேல் மெலிந்துபோகும். சாட்டினில் அந்த இடம் வெளிறிப் பளபளக்கும். உங்கள் ஃபாக் லேம்ப் குழியின் விளிம்பை டார்ச் சாய்த்து அடித்துப் பாருங்கள். பளபளப்பு மாறியிருந்தால் அந்தத் துண்டைக் காப்பாற்ற முடியாது, மாற்ற வேண்டும். குழி ரொம்ப ஆழமென்றால் முழுதாக இழுக்கவே கூடாது. குழிக்குத் தனித் துண்டு ஒட்டி, மேல் துண்டைச் சில மில்லிமீட்டர் மேலேறும்படி ஒட்டுவதுதான் நல்லது. இன்லே என்போம். தையல் கோடு தெரியுமே என்று சிலர் தயங்குவார்கள். எழும்பி நிற்பதைவிட அது ஆயிரம் மடங்கு மேல்.

கடையில் பிரைமர் (பசையின் பிடியைக் கூட்டும் திரவம்) தடவித் தருகிறேன் என்றால் உஷார். விளிம்பில் ஒரு மெல்லிய கோடு சரி. குழி முழுக்கப் பூசினால் நாளைக்குக் கழற்றும்போது பசை மொத்தமும் பம்பரில் நின்றுவிடும். இழுத்துக் கட்டியிருக்கும் படலத்தைப் பிரைமரால் அடக்க முடியாது.

அடுத்தது கதவு. இதில்தான் நிதானம் வேண்டும். பெயிண்ட் பூத்தில் வைத்துச் சூடேற்றாமல் ஷெட்டில் காற்றில் உலர்த்திய பெயிண்ட், தொட்டால் காய்ந்தது போல இருந்தாலும் உள்ளே தின்னர் வாரக்கணக்கில் வெளியேறிக்கொண்டே இருக்கும். மேலே படலம் மூடினால் அந்த ஆவி போக வழியில்லாமல் கொப்புளமாகும். ஊசியால் குத்தி வெளியேற்றினாலும் மறுபடி வரும். தயவுசெய்து அந்தக் கதவை நீங்களாக உரிக்காதீர்கள். அதில் படலத்தின் பிடி பெயிண்டின் பிடியைவிட பலமாக இருக்கலாம், பட்டியோடு சேர்ந்து வந்துவிடும். இதமாகச் சூடு காட்டி, வெளியே பார்த்து இழுக்காமல் படலத்தைத் தன் மேலேயே மடித்து மெதுவாக இழுப்பவர்தான் கழற்ற வேண்டும். பெயிண்ட் வராது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது, அதையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். பிரிந்த ஓரத்தில் தூசி ஏறியிருந்தால் பசை செத்துவிட்டது என்று அர்த்தம். ஐபிஏ (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) போட்டுத் துடைத்து அமுக்குவதெல்லாம் ஒரு வாரத்துக்குத்தான் தாங்கும்.

பானெட் குமிழ்களுக்குக் கவலை வேண்டாம். பசையில் காற்றுப் போகும் சின்னக் கால்வாய்கள் இருக்கும், சிறு குமிழ்கள் வெயிலில் தாமாகவே போய்விடும். நடுவில் மணல் மாதிரி கடினமாக ஏதாவது தட்டுப்பட்டால் அது தூசி, போகாது.

வேலூர் டாக்ஸி:
ஆர்.சி. பற்றி நான் சொல்கிறேன். நிறம் ஆர்.சி.யில் பதிவாகும் விவரம். பதிவான விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைப் பற்றிப் பேசுவது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. ‘பெயிண்ட் இல்லையே, ஸ்டிக்கர்தானே, கழற்றிவிடலாமே’ என்று பலரும் சொல்வார்கள். செக்கிங்கில் நிறுத்தும் அதிகாரி பார்ப்பது வண்டி என்ன நிறம், புக்கில் என்ன நிறம் என்பதைத்தான். உங்கள் ஆர்.டி.ஓ. ஆபீசில் நேரில் விசாரித்து நிறத்தை மாற்றிப் பதிந்துகொள்ளுங்கள், இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். விபத்துக்குப் பிறகு சர்வேயர் வந்து நிற்கும்போது இதைப் பேசிக்கொண்டிருக்க முடியாது. ராப்பின் பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

திருச்சி ஸ்விஃப்ட்:
நல்ல வேளை சொன்னீர்கள் சார். முதலில் மிலிட்டரி பச்சைதான் ஒட்டலாம் என்று இருந்தேன்.

வேலூர் டாக்ஸி:
அதை மட்டும் தொடாதீர்கள். ஆலிவ் கிரீன் ராணுவ வண்டிகளுக்கு மட்டும்தான். 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121ஆம் விதி.

திருச்சி ஸ்விஃப்ட்:
அப்டேட். டார்ச் அடித்துப் பார்த்தேன், குழி விளிம்பில் பளபளப்பு மாறித்தான் இருக்கிறது. கோவை அண்ணன் எழுதியதை அப்படியே கடைக்காரரிடம் காட்டினேன். முதலில் முகம் சுளித்தார், அப்புறம் பம்பரை இன்லே முறையில் மறுபடி ஒட்டித் தர ஒப்புக்கொண்டார். தெர்மாமீட்டர் என் கண் முன்னால் வைத்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். கதவை அவரே கழற்றினார். கைப்பிடிக்குக் கீழே கொஞ்சம் பெயிண்ட் பட்டியோடு வந்துவிட்டது. பெயிண்டர் சரிசெய்து தருகிறேன் என்கிறார். அது நன்றாகக் காயும் வரை ஒரு கதவு மட்டும் வெள்ளையாக ஓட்ட வேண்டும். பரவாயில்லை. பிறகு ஒட்டும்போது நிறம் சேருமா?

கோவை ராப் வேலை:
சேர வேண்டுமென்றால் இன்றைக்கே கடையில் சொல்லிவையுங்கள். அதே ரோலில் ஒரு கதவுக்கான துண்டை வெட்டி, மடிக்காமல் சுருட்டி, உங்கள் பெயர் எழுதி எடுத்து வைக்கட்டும். பின்னால் வாங்கும் ரோல் வேறு பேட்ச் ஆகிவிட்டால் சாம்பலில் இலேசான வித்தியாசம் வெயிலில் தெரியும். வெட்டும்போது பின்தாளில் அம்புக்குறி போட்டு எது மேல்பக்கம் என்று குறிக்கச் சொல்லுங்கள். சாட்டினிலும் மெட்டாலிக்கிலும் திசை மாற்றி ஒட்டினால் ஒரே ரோலாக இருந்தாலும் கதவு தனியாக வேறு நிறம் போலத் தெரியும். பெயிண்டரிடம் எத்தனை நாள் காய வேண்டும் என்று கேளுங்கள், அவர் சொல்வதற்கு மேல் சில வாரம் கூட்டியே ஒட்டுங்கள். பம்பரை ஒட்டியபின் இரண்டு மூன்று நாள் வாட்டர் வாஷ் வேண்டாம். அதன் பிறகும் பிரஷர் கன்னை ஓரத்துக்கு நேராகப் பிடிக்காமல் ஒரு அடி தள்ளி நின்று அடிக்கச் சொல்லுங்கள்.