நம்ம வீட்டு குரூப்பில் சீட்டுக்கட்டு பஞ்சாயத்து

பெரியப்பா: கார்த்தி இருக்கியா. புது லேப்டாப்ல சீட்டாட்டம் ஓப்பன் பண்ணேன் ஒரு ஆட்டம் முடிஞ்சு அடுத்தது போடறதுக்குள்ள கார் விளம்பரம் ஓடுது, எங்க அமுக்கினா போகும்னே தெரியல, வைரஸ் எதாவது ஏறிடுச்சா

கார்த்தி: வைரஸ்லாம் இல்ல பெரியப்பா 😄 அது மைக்ரோசாஃப்ட் சாலிட்டேர் கலெக்‌ஷன். சாலிட்டேர்னா ஒருத்தரே தனியா ஆடற சீட்டாட்டம், அதுல அஞ்சு வகை சேத்து வெச்சிருக்கான். 2015ல விண்டோஸ் 10 வந்தப்பவே அப்டித்தான். ஓசில ஆடினா விளம்பரம் வரும், பிரீமியம்னு காசு கட்டினா வராது

பெரியப்பா: சாலிட்டேருக்கு காசா???

சேகர் மாமா: மச்சான் ஆபீஸ் கரண்ட்ல ஆபீஸ் கம்ப்யூட்டர்ல ஆடின வரைக்கும் ஓசியாத்தான் இருந்துச்சு

பெரியப்பா: மாப்ள நான் லஞ்ச் டைம்ல மட்டும்தான் ஆடுவேன்

ஜெயா பெரியம்மா: அந்த லஞ்ச் டைம் ஒரு மணிக்கு ஆரம்பிச்சு நாலு மணிக்கு முடியும்

தீபா: 🤣🤣🤣

கார்த்தி: பெரியப்பா நீங்க தப்பிச்சீங்க. 2006ல நியூயார்க் மேயரா இருந்த ப்ளூம்பெர்க் ஒரு ஆபீசுக்கு போனப்ப ஒருத்தர் ஸ்கிரீன்ல சாலிட்டேர் இருந்தத பாத்துட்டார், அந்தாளுக்கு வேலையே போச்சு

ஜெயா பெரியம்மா: நம்மூர்ல அப்டி ஒரு மேயர் இல்லாம போயிட்டாரே

மாலா அத்தை: எனக்கு அந்த விளம்பரம் ஒரு தொந்தரவாவே இல்லண்ணா. அது ஓடற நேரத்துல எந்திரிச்சு போய் குழம்ப கிண்டிட்டு வந்துருவேன். நான் ஃபோன்ல ஆடறேன், டெய்லி சேலஞ்ச்னு தினம் அஞ்சு ஆட்டம் குடுக்கறான், அஞ்சு வகைலயும் ஒண்ணு ஒண்ணு, முடிக்க முடிக்க மாசத்துக்கு ஒரு பேட்ஜ் ஏறும். பிரமிடுதான் என் ஃபேவரிட், ரெண்டு சீட்டு கூட்டினா 13 வரணும், ஜாக் 11 ராணி 12, ராஜா தனியா போயிடுவான். மனக்கணக்கு நல்லா ஓடுது

தீபா: மனக்கணக்கு ஓடுது சரி, நேத்து குக்கர் எத்தன விசில் விட்டுச்சுன்னு கேளுங்க. பருப்பு பாயசமாயிடுச்சு

மாலா அத்தை: நீ சும்மா இரு டி

சேகர் மாமா: பிரமிடு ட்ரைபீக்ஸ் எல்லாம் குழந்தைங்க ஆடறது. ஸ்பைடர் ஆடுங்க, அதுவும் நாலு சூட், அதாவது ஸ்பேடு ஹார்ட்டுனு நாலு இனமும் கலந்து. ரெண்டு கட்டு சீட்டு, மொத்தம் 104, பத்து வரிசை. ராஜால இருந்து ஏஸ் வரைக்கும் ஒரே சூட்ல இறங்கணும், அப்டி எட்டு தடவ. வேற சூட் மேல வெக்கலாம்தான் ஆனா வெச்சா மொத்தமா நகத்த முடியாது. கஷ்டப்பட்டு ஒழுங்கு பண்ணி வெச்சிருப்போம், நகத்த ஒண்ணும் இல்லைன்னு அடுத்த ரவுண்டு போட்டா பத்து வரிசை தலைலயும் ஒவ்வொரு சீட்டா உக்காந்துரும். அதுக்கப்புறம் ஜெயிக்கறான் பாருங்க அவன்தான் ஆட்டக்காரன்

மாலா அத்தை: இவர் அன்டூ பட்டன அமுக்கற அமுக்குல லேப்டாப்பே தேஞ்சுடும். போட்ட ரவுண்டையே திருப்பி எடுத்து அடுத்து என்ன வரும்னு பாத்துட்டு அதுக்கேத்த மாதிரி ஆடுவாரு

சேகர் மாமா: பட்டன் குடுத்திருக்கான் அமுக்கறேன். இதுல என்ன

பெரியப்பா: அது ஆட்டமா மாப்ள? பழசுல கடைசியா வெச்ச ஒரே ஒரு நகர்த்தல மட்டும்தான் திரும்ப எடுக்கலாம். அதனாலயே கைய கட்டிட்டு அஞ்சு நிமிஷம் யோசிப்போம். இப்ப எத்தன வேணா திருப்பலாம், போதாததுக்கு ஹின்ட் வேற. அப்பறம் ஜெயிச்சா பட்டாசு வெடிக்குது. எதுக்கு வெடிக்குது

தீபா: எனக்கு பழசுல ஜெயிச்சதும் சீட்டெல்லாம் துள்ளி துள்ளி விழுமே அதான் பிடிக்கும். சின்ன வயசுல பெரிய மாமா வீட்டுக்கு வந்தா அதுக்காகவே பக்கத்துல உக்காந்திருப்பேன். அந்த சீட்டு பின்பக்க படம்கூட, பீச் தென்னமரம் சூரியன் இருக்கும், திடீர்னு சூரியன் நாக்க நீட்டும்

கார்த்தி: அந்த சீட்டெல்லாம் வரைஞ்சது சூசன் கேர்ங்கற ஒரு அம்மா. ஆப்பிள் மேக்கோட முதல் ஐகான்லாம் வரைஞ்சவங்க. ஆட்டத்த எழுதினது வெஸ் செர்ரினு ஒரு இன்டர்ன். 1990ல விண்டோஸ் 3.0ல போட்டாங்க, ஜனங்க மவுஸ் பிடிச்சு இழுத்து விட பழகட்டும்னு. அந்தாளுக்கு ராயல்டி ஒரு பைசா குடுக்கல

பெரியப்பா: எழுதினவனுக்கு காசு இல்ல ஆடறவன் காசு கட்டணும். நல்லா இருக்கு நியாயம்

ஜெயா பெரியம்மா: மாலா ஞாயித்துக்கிழம வளைகாப்புக்கு வளையல் நீ வாங்கறியா நான் வாங்கட்டுமா

மாலா அத்தை: நானே வாங்கிடறேன் அண்ணி. பச்சையும் செவப்பும் தானே

சேகர் மாமா: மச்சான் உங்க ஃப்ரீசெல்லும் அதுல இருக்கு அத ஆடிட்டு சும்மா இருக்க வேண்டியதுதான

பெரியப்பா: இருக்கு. ஃப்ரீசெல்தான் நாணயமான ஆட்டம் மாப்ள, 52 சீட்டும் முகம் தெரிய கிடக்கும், மூடி வெச்சது ஒண்ணு இல்ல. தோத்தா நம்ம தப்பு, சீட்டு மேல பழி போட முடியாது. சீட்ட ஒதுக்கி வெக்க செல்லுனு நாலு இடம் இருக்கும், அதுல ரெண்டு காலியா இருந்தா மூணு சீட்டு சேத்து நகத்தலாம், கூட ஒரு வரிசையும் காலியா இருந்தா ஆறு. இது தெரியாம எல்லாரும் வந்த சீட்ட உடனே செல்லுல தூக்கி போட்டுட்டு நாலும் ரொம்பினதும் முழிப்பானுங்க. நாங்க ஆபீஸ்ல ஆட்ட நம்பர் சொல்லி பந்தயம் கட்டுவோம், 1ல இருந்து 32000 வரைக்கும் நம்பர் இருக்கும், அதே நம்பர் போட்டா எல்லார் மெஷின்லயும் அதே சீட்டு விழும், யார் முதல்ல முடிக்கறாங்கன்னு. டீக்காசு நான் குடுத்ததே கம்மி

கார்த்தி: அந்த 32000ல ஒண்ணே ஒண்ணுதான் ஜெயிக்கவே முடியாது பெரியப்பா. 11982

பெரியப்பா: சும்மா சொல்லாத. ஹெல்ப் பக்கத்துலயே போட்டிருந்தான், எல்லா ஆட்டமும் ஜெயிக்கலாம்னு நம்பப்படுது, நிரூபிக்கப்படலன்னு

கார்த்தி: அத நம்பாமதான் 1994ல இன்டர்நெட்ல நிறைய பேர் நம்பர பங்கு பிரிச்சு 32000த்தையும் ஆடி பாத்தாங்க. மிச்சம் நின்னது 11982 மட்டும். அப்பறம் கம்ப்யூட்டர் வெச்சும் பாத்தாச்சு, வழியே இல்ல

சேகர் மாமா: அப்ப க்ளாண்டைக்? சாதா சாலிட்டேர். அதுல பாதி ஆட்டம் எனக்கு ஊத்திக்குது

கார்த்தி: அதுல தலைவிதியும் உண்டு மாமா. மூணு மூணா எடுக்கற ஆட்டத்துல, மூடின சீட்டெல்லாம் என்னன்னு தெரிஞ்சே ஆடினாகூட 82 சதவீதம் பக்கம்தான் ஜெயிக்க முடியும், மிச்சத்துக்கு வழியே கிடையாது. ஆனா கலெக்‌ஷன்ல ஈசி மீடியம் ஹார்டுனு லெவல் எடுத்தா ஜெயிக்கக்கூடிய கட்டுதான் தருவான், ரேண்டம் எடுத்தா கேரன்டி இல்ல

மாலா அத்தை: அதான் எனக்கு பிடிச்சிருக்கு. வழி இருக்குனு தெரிஞ்சா தேடலாம்ல

பெரியப்பா: வழி இருக்கானே தெரியாம தேடறதுதான்மா ஆட்டம்

தீபா: பெரிய மாமா vs அம்மா 🍿

கார்த்தி: பெரியப்பா உங்களுக்கு பைசால்எஃப்சினு ஒண்ணு போட்டு தரேன். சுத்தமா ஓசி, விளம்பரம் கிடையாது, ஆயிரத்துக்கு மேல ஆட்டம் இருக்கு, ஃப்ரீசெல்லுக்கு பழைய நம்பரும் அடிக்கலாம். பாக்க கொஞ்சம் கவர்மென்ட் ஆபீஸ் மாதிரி இருக்கும். லேப்டாப்ப ஆன் பண்ணி வைங்க நான் இங்கருந்தே கனெக்ட் பண்றேன்

பெரியப்பா: ஆன்லதான் இருக்கு

கார்த்தி: போட்டாச்சு பாருங்க

பெரியப்பா: வந்துடுச்சு. விளம்பரம் இல்ல. எழுத்துதான் பொடியா இருக்கு

சேகர் மாமா: என்ன ஆட்டம் மச்சான்

பெரியப்பா: 11982

தீபா: 😂😂😂 மாமா!!

கார்த்தி: பெரியப்பா இப்பதான சொன்னேன்

பெரியப்பா: முதல் வரிசை அடில ஒரு ஏஸ், ரெண்டாவது அடில ஒண்ணு, நாலாவது அடில ஒண்ணு. ஒவ்வொண்ணு மேலயும் ஆறு சீட்டு. கட்டுன கட்டு அப்டி. ஆனா நாலாவது வரிசைய முதல்ல பிரிச்சா என்னன்னு பாக்கறேன்

சேகர் மாமா: நானும் அதான் சொல்ல வந்தேன், நாலாவத பிரிங்க. கார்த்தி எனக்கும் அத போட்டு குடுப்பா

ஜெயா பெரியம்மா: மாலா வளையல நீயே வாங்கிடு, அப்டியே இவருக்கு சாப்பாடும் ஒரு டப்பால போட்டு கொண்டு வா, கூப்ட்டு கூப்ட்டு எனக்கு தொண்டை போச்சு