புதுப்பிப்பு: கிளினிக்கல் சைக்காலஜி எம்.ஃபில். பற்றிய என் முந்தைய இழை

கிளினிக்கல் சைக்காலஜி, அதாவது மனநலச் சிகிச்சை சார்ந்த உளவியலில், எம்.ஃபில். படிப்பு அடியோடு நின்றுவிட்டது என்று எழுதியிருந்தேன். அதைத் திருத்துகிறேன். 2023 டிசம்பரில் எம்.ஃபில். செல்லாது என்று அறிவித்த பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி, 2024 ஜனவரியில் கிளினிக்கல் சைக்காலஜிக்கும் சைக்கியாட்ரிக் சோஷியல் வொர்க் என்னும் மனநலச் சமூகப்பணிக்கும் மட்டும் 2025-26 வரை சேர்க்கையை அனுமதித்தது.

இந்தத் துறையில் எந்தப் படிப்பானாலும், இந்திய மறுவாழ்வு மன்றமான ஆர்.சி.ஐ.யின் அங்கீகாரம் நீங்கள் சேரும் ஆண்டுக்கு உண்டா என்று அதன் பட்டியலிலேயே பாருங்கள். கல்லூரியின் கையேட்டை நம்பாதீர்கள். அங்கீகாரம் காலவரையறையோடும் இடங்களின் எண்ணிக்கையோடும்தான் தரப்படுகிறது. அந்த எண்ணிக்கைக்கு மேல் சேர்ந்தவருக்கு ஆர்.சி.ஐ.யில் பதிவு கிடைக்காமல் போகலாம். வெறும் எம்.எஸ்ஸி. சைக்காலஜியை வைத்துக்கொண்டு கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று பலகை மாட்ட முடியாது. 2017 மனநலச் சட்டத்தின் வரையறை அதற்கு இடம் தரவில்லை.

குழந்தையின் அறிவுத்திறனைச் சோதித்து மதிப்பீட்டு அறிக்கை எழுதுவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். பலர் சறுக்குவது அங்கேதான். ஐ.க்யூ. 68 என்று எழுதிவிட்டு முடித்துவிடுகிறார்கள். குழந்தை முந்தைய இரவு தூங்கியதா, வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறதா, வீட்டுமொழியில்தான் சோதித்தீர்களா? இவை இல்லாத எண்ணை நம்ப முடியாது. அன்றாடத் திறன்களையும் தனியே அளக்காமல் அறிவுசார் குறைபாடு என்று எழுதவே கூடாது. அந்தத் தாள் குழந்தையோடு வெகுகாலம் போகும்.