பீடி சுற்றும் அக்காமாருக்கு என்ன உடற்பயிற்சி சரிவரும்?

மேலப்பாளையத்தில் எங்கள் தெருவில் நாற்பது, ஐம்பது வயது அக்காமார் பலர் காலையிலிருந்து முறத்தை மடியில் வைத்துக் குனிந்தபடியே பீடி சுற்றுகிறார்கள், முதுகுவலி, முட்டுவலி, சிலருக்குச் சர்க்கரையும் உண்டு. வேகமாக நடப்பது போன்ற மிதமான உடற்பயிற்சி வாரம் 150 நிமிடமாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆனால் எண்ணிக்கைக்குத்தான் கூலி என்னும்போது எழுந்து நடக்கிற நேரமெல்லாம் அவர்களுக்கு நஷ்டம், அவர்கள் நடக்காததைச் சோம்பேறித்தனம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம்தான் வருகிறது. பாளையங்கோட்டை மைதானத்துக்குப் பஸ் ஏறிப் போகச் சொல்வதும் நடக்காத காரியம். சுற்றிய பீடியைக் கடையில் கொடுத்துவிட்டுத் திரும்பும்போதே கூட்டாகக் கொஞ்சம் சுற்றி நடந்து வரலாமா, அப்புறம் உட்கார்ந்த இடத்திலேயே கழுத்துக்கும் தோளுக்கும் ஏதாவது பழகலாமா என்று பார்க்கிறேன். பிசியோதெரபி படித்தவர்கள், பெண்களாக இருந்தால் ரொம்ப நல்லது, வாரம் ஒரு நாள் வந்து சொல்லித் தர முடியுமா? முட்டுவலி உள்ளவர்கள் எதைச் செய்யக் கூடாது என்பதையும் சொல்லுங்கள்.