வீட்டில் சமம், மேடையில் மாடலர் காணோம்: ட்யூப் ஆம்ப் + எச்எக்ஸ் ஸ்டாம்ப் சத்த அளவு, உதவி தேவை

ஆறுதந்தி:
வணக்கம். ஆம்ப் ஃபெண்டர் ஹாட் ராட் டீலக்ஸ்: 40 வாட், இரண்டு 6எல்6 ட்யூப், 12 இன்ச் ஸ்பீக்கர் ஒன்று. மாடலர் (ஆம்ப், எஃபெக்ட் சத்தங்களை டிஜிட்டலாகப் போலி செய்யும் பெட்டி) லைன் 6 எச்எக்ஸ் ஸ்டாம்ப். நான்கு கேபிள் முறையில் இணைப்பு: கிதார் ஸ்டாம்பின் இன்புட்டுக்கு, ஸ்டாம்பின் சென்ட் ஆம்ப்பின் இன்புட்டுக்கு, ஆம்ப்பின் ப்ரீஆம்ப் அவுட் ஸ்டாம்பின் ரிட்டர்னுக்கு, ஸ்டாம்பின் அவுட்புட் ஆம்ப்பின் பவர் ஆம்ப் இன்னுக்கு.

க்ளீன் சத்தம் ஆம்ப்பிலிருந்தே எடுக்கிறேன். டிஸ்டார்ஷன் ஸ்டாம்பிலிருந்து. வீட்டில் ஆம்ப் வால்யூம் 2-இல் வைத்து இரண்டையும் சமமாக்கியாயிற்று. மேடையில் 4-க்கு ஏற்றினால் க்ளீன் மட்டும் ஏறுகிறது, ஸ்டாம்ப் பேட்ச் (அதில் சேமித்த டிஸ்டார்ஷன் அமைப்பு) பாதிச் சத்தமாகிவிடுகிறது. போதாக்குறைக்கு பஞ்சு வைத்து அடைத்த மாதிரி கேட்கிறது. ஒவ்வொரு இடத்திலும் பேட்ச்சைத் திருத்த வேண்டியிருக்கிறது. எங்கே தவறு?

மேடைச்சத்தம்:
கடைசியில் ஒரு கம்ப்ரெஸர் அல்லது லிமிட்டர் போட்டுப் பாருங்கள் ப்ரோ. இரண்டும் ஒரே உயரத்துக்கு வந்துவிடும்.

வால்வுக்காரன்:
லிமிட்டர் வேண்டாம். நோய் வேறு இடத்தில் இருக்கிறது, லிமிட்டர் க்ளீனின் உயிரைத்தான் எடுக்கும்.

தம்பி, நீங்கள் எழுதியதிலேயே விடை இருக்கிறது: "க்ளீன் மட்டும் ஏறுகிறது". ஹாட் ராட் டீலக்ஸில் வால்யூம் நாப் ப்ரீஆம்ப்பில், அதாவது லூப்புக்கு (ப்ரீஆம்ப் அவுட்டுக்கும் பவர் ஆம்ப் இன்னுக்கும் நடுவேயுள்ள இணைப்பு) முன்னால் இருக்கிறது. டிரைவ் சேனலின் மாஸ்டரும் அப்படியே. பவர் ஆம்ப் இன் ஜாக்கில் நுழையும் சிக்னலை அந்த நாப்கள் தொடுவதே இல்லை. ஸ்டாம்பின் டிஸ்டார்ஷன் நேராகப் பவர் ஆம்ப்புக்குப் போகிறது. அதற்கு ஆம்ப்பின் வால்யூம் 2 என்றாலும் 4 என்றாலும் ஒன்றுதான். வீட்டில் நீங்கள் சமமாக்கியது 2 என்ற ஒரே ஒரு நிலைக்கு மட்டும். "பாதிச் சத்தம்" என்று காதுக்குத் தோன்றினால் ஏறக்குறைய 10 டெசிபல் வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளலாம். இந்த ஆம்ப்பில் 2-லிருந்து 4-க்கு அந்த அளவு ஏறுவதில் வியப்பில்லை.

வேறு ஆம்ப் வைத்திருப்பவர்களும் இதைச் சோதிக்கலாம். மாடலரை லூப் ரிட்டர்னில் மட்டும் செருகி, மெதுவாக வாசித்துக்கொண்டே மாஸ்டரைத் திருப்புங்கள். சத்தம் மாறினால் மாஸ்டர் லூப்புக்குப் பின்னால். இந்தத் தொல்லை உங்களுக்கு இல்லை. மாறாவிட்டால் முன்னால்.

பஞ்சு விஷயத்துக்கு ஒரு கேள்வி: பேட்ச்சில் என்னென்ன ப்ளாக் (ஆம்ப், எஃபெக்ட் என ஒவ்வொரு துண்டு) ஓடுகிறது?

ஆறுதந்தி:
ஓ, நாப் அங்கே இருப்பது தெரியாது அண்ணா. பேட்ச்சில் ஆம்ப்+கேப் ப்ளாக், பிறகு டிலே, ரிவெர்ப். ஸ்டாம்பின் வால்யூம் நாப் பாதியில். அதுதான் காரணமோ?

வால்வுக்காரன்:
நாப் பாதியில் இருப்பது காரணமில்லை. நான்கு கேபிள் முறையில் ஆம்ப்பின் க்ளீனும் ஸ்டாம்ப் வழியாகத்தான் திரும்பி வருகிறது. அந்த நாப் இரண்டையும் ஒன்றாகவே ஏற்றி இறக்கும். உங்களுக்கு மருந்தே அந்த நாப்தான். ஆம்ப்பில் இல்லாத "லூப்புக்குப் பின்னான மாஸ்டர்" அது. ஆம்ப் வால்யூமை 4-இல் நிறுத்திவிடுங்கள், இனி அதில் கை வைக்காதீர்கள். வீட்டுக்கும் மேடைக்கும் ஸ்டாம்பின் நாப் மட்டும் திரும்பட்டும். விகிதம் மாறாது.

பஞ்சு போக, கேப்பை (ஸ்பீக்கர் பெட்டியின் போலி) எடுத்துவிடுங்கள். கிதார் ஸ்பீக்கர் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் தானாகவே சரிந்துவிடும். கேப் ப்ளாக்கும் அதே சரிவைத்தான் போடுகிறது. சரிவின் மேல் சரிவு என்றால் பஞ்சு வராமல் என்ன வரும்? கேப் ப்ளாக் மிக்ஸருக்கு நேராகப் போகும்போதுதான் தேவை. முழு ஆம்ப் மாடலுக்குப் பதில் அதே மாடலின் ப்ரீஆம்ப் வகையைப் போடுங்கள்; உண்மையான 6எல்6 இரண்டு பின்னால் இருக்கும்போது பவர் ஆம்ப்பை மறுபடி போலி செய்ய வேண்டாம்.

இனி அளவீடு. போனில் ஒலி அளவு ஆப் போதும், அதன் செட்டிங்கில் சி-வெயிட்டிங், ஸ்லோ என்று வையுங்கள். ஸ்பீக்கரிலிருந்து 1 மீட்டர், நேர் மையத்தில் இல்லாமல் சற்று ஒதுங்கி, போனை ஸ்டாண்டில் அசையாமல் வையுங்கள். 85 டெசிபல் பக்கம் வேலை செய்யுங்கள்; மிக அதிகச் சத்தத்தில் போன் மைக்கே அமுக்கிக் காட்டும், எண்ணை நம்ப முடியாது.

1. லூப் கேபிள் இரண்டையும் (ப்ரீஆம்ப் அவுட், பவர் ஆம்ப் இன்) பிடுங்குங்கள். ஆம்ப் வால்யூம் 2. கிதாரை நேராக ஆம்ப்பில் செருகி வாசித்து எண்ணைக் குறியுங்கள். பிறகு கிதார், ஸ்டாம்ப், சென்ட், ஆம்ப் என்று வாசியுங்கள். ஸ்டாம்பின் எஃபெக்ட்ஸ் லூப் ப்ளாக் (சென்ட், ரிட்டர்னை இயக்குவது) ஆனில், மற்றவை ஆஃபில். இரண்டு எண்ணும் ஒன்றாக வர வேண்டும். லூப் லெவல் குளோபல் செட்டிங்ஸில் இன்ஸ்ட்ருமென்டில் இருக்கட்டும். மீதி வித்தியாசத்தை லூப் ப்ளாக்கின் சென்ட் அளவில் சரிசெய்யுங்கள். இதைச் செய்யாமல் விட்டால் ஆம்ப் கரகரக்கத் தொடங்கும் இடமே மாறிவிடும்.

2. எல்லாக் கேபிளையும் மாட்டுங்கள். ஸ்டாம்ப் நாப் பூஜ்ஜியம். ஆம்ப் வால்யூம் 4. சங்கிலியின் முதல் ப்ளாக்காக லூப்பரை வைத்து, நடுத்தர விசையில் 20 விநாடி ஸ்ட்ரம் பதிவு செய்யுங்கள். ப்ளேபேக் 0 டெசிபல். இனி கை மாறாது, ஒரே வாசிப்பு திரும்பத் திரும்ப ஓடும். நாப்பை மெல்ல ஏற்றி 85-க்குக் கொண்டுவந்து அங்கேயே விடுங்கள். இது க்ளீனின் எண்.

3. லூப்பர் ஓடும்போதே டிஸ்டார்ஷனுக்கு மாறுங்கள். இரண்டும் ஒரே ப்ரீசெட்டுக்குள் இருக்க வேண்டும். ஒரே கால் சுவிட்ச்சில் லூப் ப்ளாக் ஆஃப், ப்ரீஆம்ப் ப்ளாக் ஆன் என்று எதிரெதிராக அசைன் செய்துவிட்டால் போதும். சேனல் வால்யூமை மட்டும் 85 வரும்வரை மாற்றுங்கள். டிரைவைத் தொட்டால் குணமே மாறும். சேனல் வால்யூம் குணத்தைத் தொடாது.

முதல் தடவை மேடைச் சத்தத்தில் ஓங்கி ஸ்ட்ரம் செய்து பாருங்கள். க்ளீனில் படபடவென்று டிஜிட்டல் வெடிப்பு கேட்டால் ஆம்ப்பின் ப்ரீஆம்ப் அவுட் ஸ்டாம்பின் ரிட்டர்னை நிரப்புகிறது. ஸ்டாம்புக்குள் ரிட்டர்ன் அளவைக் குறைத்துப் பயனில்லை, வாசலிலேயே வெட்டுப்பட்டுவிட்டது. ஆம்ப் வால்யூமை 3.5-க்கு இறக்குங்கள், அல்லது லூப் லெவலை லைனுக்கு மாற்றி, படி 1-லிருந்து திரும்பத் தொடங்குங்கள்.

மேடைச்சத்தம்:
லிமிட்டரைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் ஒன்று: மீட்டரில் சமமாக வந்தாலும் டிரம்ஸ் வந்ததும் டிஸ்டார்ஷன் பின்வாங்கும். டிஸ்டார்ஷனில் உச்சமும் சராசரியும் ஒட்டியே நிற்கும். க்ளீனில் பிக் பட்ட நொடியின் உச்சம் சராசரிக்கு வெகு மேலே போகும். சிம்பலுக்கு நடுவே அந்த உச்சம்தான் காதில் விழுகிறது. அதனால் மீட்டரை அடித்தளமாக வைத்து, குழுவோடு வாசிக்கும்போது டிஸ்டார்ஷனை 1 முதல் 2 டெசிபல் ஏற்றுங்கள். லீடுக்குத் தனி ஸ்னாப்ஷாட் (அதே ப்ரீசெட்டுக்குள் சேமித்த இன்னொரு நிலை), அவுட்புட் ப்ளாக்கில் 3 அல்லது 4 டெசிபல் கூடுதல்.

வீட்டில் குறைந்த சத்தத்தில் ஈக்யூ செய்யவே கூடாது. மெல்லிய சத்தத்தில் காது பேஸையும் ட்ரெபிளையும் குறைவாகக் கேட்கும். ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-இலேயே இதை வளைகோடாக வரைந்து காட்டிவிட்டார்கள். அதை நிரப்ப வீட்டில் பேஸை ஏற்றுகிறோம், மிடைக் குடைகிறோம். மேடையில் பேஸ் கிதாரோடு மோதிக் கரைந்துபோகிறது. 800 ஹெர்ட்ஸிலிருந்து 2 கிலோஹெர்ட்ஸ் வரை காலி செய்யாதீர்கள், கிதாரின் இடமே அதுதான்.

இன்னொன்று: ஏற்றியும் சத்தம் கூடாமல் தட்டையாகவே போனால் நிறுத்துங்கள். பவர் ஆம்ப் எல்லையைத் தொட்டுவிட்டது. இனி ஏற்றினால் டிஸ்டார்ஷன் அதிகமாகுமே தவிரச் சத்தம் கூடாது.

ஆறுதந்தி:
செய்துவிட்டேன். படி 1-இல் சென்ட் 1.5 டெசிபல் குறைவாக இருந்தது, சரிசெய்தாயிற்று. கேப் எடுத்ததும் பஞ்சு போய்விட்டது, கொஞ்சம் கூர்மைகூடக் கூடிவிட்டது, ப்ரெஸன்ஸ் குறைத்தேன். ஸ்டாம்ப் நாப்பை எங்கே திருப்பினாலும் இரண்டுக்கும் வித்தியாசம் 1 டெசிபலுக்குள் இருக்கிறது. இப்போது ஒரு "ம்ம்ம்" இரைச்சல் மட்டும் மீதி. லூப் கேபிள் மாட்டும்போதுதான் வருகிறது. பிளக்கின் எர்த் பின்னை எடுத்துவிட்டால் போகும் என்கிறார்களே?

வால்வுக்காரன்:
எடுக்கவே எடுக்காதீர்கள். உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல் ஓடும் பெட்டி அது. உள்ளே ஒரு கோளாறு வந்தால் மின்சாரம் எர்த் வழியாகப் போகாமல் கிதார் கம்பி வழியாக உங்கள் கைக்கு வரும்.

இரைச்சலுக்குக் காரணம்: ஒரே இரண்டு பெட்டிகளுக்கு நடுவே மூன்று கேபிள் ஷீல்டு. மூன்றும் சேர்ந்து ஒரு வளையமாகின்றன. முதலில் இரண்டு பெட்டியையும் ஒரே பவர் ஸ்ட்ரிப்பில் போடுங்கள், சிக்னல் கேபிள்களை ஒன்றாகக் கட்டி மெயின்ஸ் வயரிலிருந்து தள்ளி ஓட்டுங்கள். அப்படியும் இருந்தால் 1:1 ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் பெட்டி ஒன்றை சென்ட் வழியில், ஆம்ப் இன்புட்டுக்கு முன்னால் போடுங்கள். போகவில்லையென்றால் அதையே ப்ரீஆம்ப் அவுட் வழிக்கு மாற்றிப் பாருங்கள். பெட்டி மாட்டியதும் படி 1-ஐ மறுபடி செய்யுங்கள், அதிலும் கொஞ்சம் சத்தம் இறங்கும்.

மேடைச்சத்தம்:
பவர் ஆம்ப் இன்னுக்குக் காவல் எதுவும் இல்லை என்பதையும் மறக்காதீர்கள். ஸ்டாம்ப் நாப் முழுதாகத் திறந்திருக்கும்போது கேபிளைப் பிடுங்கினால் 40 வாட்டும் ஒரு வெடியாக ஸ்பீக்கரில் இறங்கும். ஆன் செய்யும்போது ஸ்டாம்ப் முதலில், நாப் பூஜ்ஜியத்தில். ஆம்ப்பை ஸ்டாண்ட்பையில் சூடேற்றிக் கடைசியில் திறங்கள். ஆஃப் செய்யும்போது ஆம்ப் முதலில்.