செம்பனை நிறுவைக் கணக்குக்கு ஓர் ஆப்: புரோகிராமிங் தெரியாதவர் எங்கே தொடங்குவது?

லோரிக்காரர் மகள், சுங்கை சிப்புட்

அண்ணன்மார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். அப்பா மூன்று டன் லோரியில் சிறுதோட்டக்காரர்களிடம் செம்பனை (எண்ணெய்ப்பனை) குலை ஏற்றி ரேம்பில், அதாவது குலைகளை நிறுத்து வாங்கும் இடத்தில், போடுகிறார். ஏறக்குறைய 40 பேர். யாருக்கு எத்தனை கிலோ, அன்றைக்கு டன் என்ன விலை, யார் முன்பணம் வாங்கினார், எல்லாம் 555 என்னும் சின்னக் கணக்கு நோட்டில்தான். மாதக் கடைசியில் கூட்டிப் பார்க்க இரண்டு இரவு போகிறது. நோட்டு நனைந்தால் எழுத்தும் போச்சு.

இதைக் கைப்பேசியிலேயே பதியும்படி ஓர் ஆப் நானே செய்ய ஆசை. ஷீட்டில் கூட்டல் போடத் தெரியும், கோடிங் சுத்தமாகத் தெரியாது. மடிக்கணினி ஒன்று, கைப்பேசி இரண்டு இருக்கின்றன. தோட்டத்துக்குள் இணைய லைன் கிடைக்காது. லோ-கோட் (கோடிங் அதிகம் எழுதாமல் ஆப் செய்யும் முறை) என்று தேடினால் பத்துப் பெயர் வருகிறது. எதைப் படிப்பது, எந்த வரிசையில் படிப்பது?

அட்டவணைக்காரன்

தங்கச்சி, கூட்டல் போடத் தெரிந்தாலே தொடங்கிவிடலாம். கூகுளின் ஆப்ஷீட் உங்களுக்குப் பொருந்தும். கூகுள் ஷீட்டில் உள்ள அட்டவணையைப் படித்து, அதற்கேற்ற ஃபாரத்தையும் பட்டியலையும் அதுவே போட்டுத் தரும். ஆனால் முதல் இரண்டு மூன்று நாள் ஆப்ஷீட்டைத் திறக்காதீர்கள். புதிதாகப் படிப்பவர்கள் பாதியில் விடுவதற்குப் பெரும்பாலும் அடியில் இருக்கும் அட்டவணை கோணலாக இருப்பதுதான் காரணம். திரையை அழகாக்குவதைப் பிறகு ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொள்ளலாம்.

555 நோட்டில் ஒரு பக்கத்தை விரித்துப் பாருங்கள். பெயர், கிலோ, விலை, "முன்பணம் 200" எல்லாம் ஒரே வரியில் கலந்து கிடக்கும். அதை மூன்று ஷீட்டாகப் பிரியுங்கள். முதலாவது தோட்டக்காரர்: ஐடி, பெயர், தொலைபேசி, இடம். இரண்டாவது நிறுவை: ஐடி, தேதி, தோட்டக்காரர், ரேம்ப் டிக்கெட் எண், எடை, டன் விலை, தொகை, டிக்கெட் படம். மூன்றாவது பணம் கொடுத்தது: ஐடி, தேதி, தோட்டக்காரர், வகை, தொகை. லோரி ஒருவரிடம் ஒருமுறை ஏற்றினால் நிறுவையில் ஒரு வரி. தலைப்புப் பெயர்கள் முதல் வரியில் இருக்க வேண்டும். மேலே "ஏப்ரல் மாதக் கணக்கு" என்று அலங்காரத் தலைப்பு வேண்டாம், கட்டங்களை ஒன்றாக இணைக்கவும் வேண்டாம். மாதத்துக்கு ஒரு ஷீட் என்று பிரித்தால் பிறகு மொத்தம் எடுக்க முடியாமல் தவிப்பீர்கள்.

அதன்பின் ஆப்ஷீட்டில் முதல் வேலை, ஒவ்வொரு பத்தியிலும் (மேலிருந்து கீழாக வரும் கட்ட வரிசை) என்ன வகைத் தரவு என்று சொல்வது. நிறுவையிலும் பணத்திலும் தோட்டக்காரர் பத்தியை 'ரெஃப்' என்று மாற்றி, தோட்டக்காரர் அட்டவணையைக் காட்டிவிடுங்கள். பெயரைத் தட்டச்ச வேண்டாம், பட்டியலில் தொட்டால் போதும். ஒரே ஆள் மூன்று எழுத்துக்கூட்டலில் மூன்று ஆளாக மாட்டார். ஒருவர் பெயரைத் திறந்தால் அவருடைய நிறுவைகள் தாமாகவே கீழே வரிசையாக வரும். இந்த ரெஃப் ஒன்று பிடிபட்டால் லோ-கோட்டில் பாதி முடிந்தது.

அடுத்தது கீ, அதாவது ஒரு வரியை மற்ற வரிகளிலிருந்து பிரித்துக் காட்டும் அடையாளம். ஐடி பத்தியின் 'இனிஷியல் வேல்யூ' கட்டத்தில் யுனிக்ஐடி ஃபார்முலாவைப் போடுங்கள். ஆங்கிலப் பெரிய எழுத்தில், பின்னால் வெறும் அடைப்புக்குறி. ரோ நம்பரை (ஷீட்டின் வரி எண்ணை) கீயாக விட்டுவிடாதீர்கள். ஷீட்டில் ஒரு வரியை அழித்ததும் கீழே உள்ளதெல்லாம் ஒரு படி மேலேறி, ஒருவர் கணக்கு இன்னொருவர் தலையில் விழும்.

விலைதான் பலர் தடுக்கி விழும் இடம். அன்றைய டன் விலையை நிறுவை வரியிலேயே எழுதி வைக்க வேண்டும். வேறொரு விலை அட்டவணையிலிருந்து எப்போதும் இழுத்துக் காட்டும்படி ஃபார்முலா போட்டால், நாளைக்கு விலை மாறியதும் பட்டுவாடா முடிந்த போன மாதத் தொகையும் மாறி நிற்கும். விலை தானாக வர வேண்டுமானால் அதையும் 'இனிஷியல் வேல்யூ'வில் போடுங்கள். அது வரி பிறக்கும்போது நிரம்பி அப்படியே நின்றுவிடும்.

பழைய கிராணி

அட்டவணைக்காரன் சொன்ன வரிசைதான் சரி. மற்ற கருவிகளைப் பற்றிக் கொஞ்சம்.

மைக்ரோசாஃப்ட் பவர் ஆப்ஸுக்கு வேலையிட அல்லது பள்ளிக் கணக்கு வேண்டும், சொந்த மின்னஞ்சலை வைத்து உள்ளே போக முடியாது. எம்ஐடி ஆப் இன்வென்டர் இலவசம். கட்டைகளை அடுக்கி நிபந்தனை, சுழற்சி எல்லாம் கற்க நல்லது. ஆனால் இரண்டு கைப்பேசிக்கும் பொதுவாகத் தரவு வைக்கும் வேலை உங்கள் தலையில் விழும். இந்தத் தேவைக்கு அது சுற்றுவழி.

செலவு: ஆப்ஷீட்டை 10 பேர் வரை சோதனை நிலையில் காசில்லாமல் ஓட்டலாம். முறையாக வெளியிட்டால் ஸ்டார்ட்டர் திட்டம் ஆளுக்கு மாதம் 5 அமெரிக்க டாலர். இருவருக்கு என்றாலும் வெள்ளியில் (ரிங்கிட்டில்) கணக்குப் போட்டு அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

லைன் இல்லாத இடம் பற்றி. அமைப்பில் ஆஃப்லைனில் திறக்க அனுமதி கொடுத்துவிட்டு, காலையில் கிளம்புமுன் வீட்டிலேயே ஒருமுறை சிங்க் செய்யுங்கள், அதாவது கைப்பேசியில் உள்ளதையும் ஷீட்டில் உள்ளதையும் ஒன்றாக்குங்கள். தோட்டத்தில் பதிந்தவை கைப்பேசிக்குள் காத்திருக்கும், சிங்க் பொத்தான் மேல் எண்ணிக்கை தெரியும். அந்த எண் மறையும்வரை ஆப்பை நீக்கவோ கணக்கிலிருந்து வெளியேறவோ கூடாது, அனுப்பாத பதிவுகள் போய்விடும். ஒரே வரியை இரு கைப்பேசியிலும் திருத்தினால் கடைசியில் சிங்க் ஆனதுதான் நிற்கும். அதனால் ஒருவர் நிறுவை, ஒருவர் பணம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். ரசீதுக்கு 1, 2, 3 என்று தானாக எண் ஓடவிடவும் வேண்டாம். லைன் இல்லாதபோது இரண்டு கைப்பேசியும் ஒரே எண்ணைப் போடும். ரேம்ப் டிக்கெட் எண்ணே போதும்.

ஐசி (அடையாள அட்டை) எண் இந்தக் கணக்குக்குத் தேவையே இல்லை, சேர்க்காதீர்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010 இருக்கிறது. அடுத்தவர் விவரத்தை வாங்கி வைத்தால் காக்கும் பொறுப்பும் வரும். தொலைபேசி எண்ணை 'நம்பர்' வகையில் வைக்காதீர்கள், 012-இன் முன் பூஜ்யம் தொலைந்துவிடும். ஷீட்டிலும் 'பிளெயின் டெக்ஸ்ட்' ஆக்குங்கள்.

லோரிக்காரர் மகள், சுங்கை சிப்புட்

ரொம்ப நன்றி. மூன்று ஷீட்டும் போட்டு, ரெஃப் வேலை செய்கிறது, பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது! ஆனால் தொகை தப்பாக வருகிறது. எடை 1,240 கிலோ, டன் விலை 800 வெள்ளி. 992 வர வேண்டும், 800 காட்டுகிறது. 980 கிலோ போட்டால் பூஜ்யம். ஃபார்முலா: [எடை] / 1000 * [டன் விலை]. இன்னொன்று, நோட்டிலிருந்து ஷீட்டில் ஏற்றிய ஏப்ரல் வரிகளில் சிலது மார்ச்சில் போய் உட்கார்ந்திருக்கின்றன.

அட்டவணைக்காரன்

ஃபார்முலா கணக்குப்படி சரிதான், வகைதான் கெடுக்கிறது. எடை 'நம்பர்' வகை, 1000-மும் முழு எண். முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் ஆப்ஷீட் மீதியை வெட்டிவிடும். 1240 / 1000 என்பது 1.24 ஆகாமல் வெறும் 1 ஆகிறது, அதை 800-ஆல் பெருக்கினால் 800. 980 / 1000 பூஜ்யமே. [எடை] / 1000.0 * [டன் விலை] என்று ஒரு புள்ளியும் பூஜ்யமும் சேருங்கள், 992 வரும். எடைப் பத்தியை 'டெசிமல்' ஆக்கினாலும் சரியாகும். 1,999 கிலோவுக்கும் 1,000-க்கும் ஒரே தொகை வரும் பிழை இது. சிறுதோட்டக்காரர் ஒருவர் கையில் போய்ச் சேர வேண்டிய காசு என்பதால் இரண்டையும் செய்துவிடுங்கள்.

தேதிக்குக் காரணம் ஷீட்டின் லொக்கேல், அதாவது எந்த நாட்டு வழக்கப்படி தேதியைப் படிப்பது என்ற அமைப்பு. அமெரிக்கா என்று இருந்தால் 03/04 என்பதை மார்ச் 4 என்று படிக்கும். ஃபைல், செட்டிங்ஸ் போய், நாளை முதலில் எழுதும் நாடு ஒன்றை, உதாரணத்துக்கு யுனைடெட் கிங்டமை, தேர்ந்தெடுங்கள். ஆப்ஷீட்டில் ஒவ்வொரு அட்டவணைக்கும் தனி லொக்கேல் உண்டு, மூன்றையும் அதற்கு ஒத்துப்போகும்படி மாற்றுங்கள்.

ஏற்கெனவே தப்பாகப் பதிந்தவை இதனால் திருந்தாது. 1 முதல் 12 வரையிலான தேதிகள்தான் சத்தமில்லாமல் மாறியிருக்கும், அவற்றை நோட்டோடு ஒப்பிட்டுக் கையால் திருத்த வேண்டும். 04/04 மட்டும் தப்பிக்கும். 12-க்கு மேற்பட்டவை மாதமாகப் படிக்க முடியாததால் வெறும் எழுத்தாகவே நிற்கும். கட்டத்தின் இடப்பக்கம் ஒட்டியிருந்தால் எழுத்து, வலப்பக்கம் என்றால் தேதி. இடப்பக்கத்தவற்றை மீண்டும் தட்டச்சு செய்யுங்கள்.

பழைய கிராணி

திருத்தி முடித்ததும் ஏப்ரல் மாதம் முழுவதையும் ஏற்றி, ஒவ்வொருவருக்கும் நிறுவைத் தொகையிலிருந்து கொடுத்த பணத்தைக் கழித்து, நோட்டு இருப்போடு காசு பிசகாமல் ஒத்துப்போகிறதா பாருங்கள். நடுவில் ஷீட்டில் புதுப் பத்தி சேர்த்தால் பத்திகளை ஆப் மறுபடி படித்துக்கொள்ள ஆப்ஷீட்டில் அந்த அட்டவணைக்கு 'ரீஜெனரேட் ஸ்கீமா' அழுத்த மறக்காதீர்கள், இல்லையென்றால் கைப்பேசியில் ஆப் பிழை காட்டி நின்றுவிடும். அடுத்த ஒரு மாதம் 555 நோட்டும் ஆப்பும் இரண்டும் ஓடட்டும், தங்கச்சி. ஒத்துப்போகாத வரிகளை மட்டும் இங்கே போடுங்கள், பார்க்கிறோம்.