கூஸ் வாத்துகிட்ட மாட்டினவங்க இங்க யாராவது இருக்கீங்களா?

தோப்புப் பையன்:
பொள்ளாச்சி பக்கம் மாமா தோப்புல வெள்ளை சீன வாத்து நிக்குது. பொங்கலுக்குப் போனப்ப கேட்டைத் திறந்தேனோ இல்லையோ, ஆண் வாத்து கழுத்தைத் தரையோட நீட்டி சீறிக்கிட்டே வந்துச்சு. திரும்பி ஓடினேன். கெண்டைக்கால்ல ஒரே கவ்வு. கவ்விட்டு சும்மா விடாது, முறுக்கும். அலகு ஓரம் ரம்பம்தானே! வலிகூட மறந்துபோச்சு. கடிச்சுட்டு அது நேரா பெட்டைங்ககிட்டப் போச்சு, எல்லாம் கழுத்தை நீட்டி ஒண்ணா ஒரு கத்து கத்துச்சு பாருங்க. ஜெயிச்சுட்டாராம்! மாமா கயித்துக் கட்டில்ல உட்கார்ந்து சிரிக்கிறார். அதான் இன்னும் ஆறல.

கொங்கு மருமக:
எங்க வீட்ல மாமனார் வளர்த்தார். நடுராத்திரி விடாம கத்துச்சு. நாய் தூங்குது. டார்ச் அடிச்சா மோட்டார் ரூம் படியில நல்ல பாம்பு, படம் எடுத்து நிக்குது. வாத்து எல்லாம் பத்தடி தள்ளி வரிசையா நின்னு அதையே பார்த்துக் கத்துதுங்க. கூஸ் இருக்கிற இடத்துல பாம்பு அண்டாதுங்க.

வறண்ட காடு:
அக்கா, அண்டாதுன்னா படி வரைக்கும் எப்படி வந்துச்சு? காட்டிக் கொடுக்கும், அவ்ளோதான். எங்க வைக்கப்போர்ல கண்ணாடி விரியன் இருந்துச்சு, வாத்து பக்கத்துலயே புல்லு மேஞ்சுட்டு இருந்துச்சு. தீவனம் சிந்தினா எலி வரும், எலிக்குப் பாம்பு வரும். இதை நம்பி ராத்திரி செருப்பில்லாம நடக்காதீங்க.

கொங்கு மருமக:
கத்தலைன்னா நான் அந்தப் படியில கால் வச்சிருப்பேன் தம்பி. எனக்கு அது போதும்.

பழைய பண்ணை:
தோப்புத் தம்பி, நீங்க ஓடினதுதான் அதுக்கு இடம் கொடுத்துச்சு. ஓடக்கூடாது, உதைக்கவும் கூடாது. நேரா நின்னு கையை அகல விரிச்சா பெரும்பாலும் பின்வாங்கும். முட்டை விடுற சீசன்ல மட்டும் கிட்டப் போகாதீங்க, ஆணுக்குக் கண்ணு மண்ணு தெரியாது.

ஆண் எது பெட்டை எதுன்னு கேட்பாங்க. நெத்திக் குமிழ் ஆணுக்குப் பெருசு, குரல் கீச்சுன்னு இருக்கும். பெட்டைக்குக் குரல் கொஞ்சம் கனம். ஐரோப்பா கூஸுக்கு இந்தக் குமிழ் வராது, அது கிரேலாக்ங்கிற காட்டு வாத்து வம்சம். நம்மகிட்ட இருக்கிறது மங்கோலியா, வடசீனா பக்கத்து ஸ்வான் கூஸ்ங்கிற காட்டு வாத்து வழி. அதான் கழுத்தும் நீளம். வெள்ளைக்கு அலகும் குமிழும் ஆரஞ்சு, பழுப்புக்குக் கறுப்பு. ஆண் 5 கிலோ சொச்சம் வரும்.

முட்டை நிறைய விடும், ஆனா அடைக்கு ஒழுங்கா உட்காராது. இன்குபேட்டர்தான், 30 நாள் கணக்கு வச்சுக்கங்க. குளம் வேணும்னு இல்ல, ஆனா தலை முழுசா முங்குற அளவுக்குத் தண்ணி வைக்கணும். இல்லைன்னா கண்ணும் மூக்கும் அழுக்கு கட்டிக்கும். பாதி வயிறு புல்லுலயே நிரம்பிடும்.

காவலுக்கு ஆகுமான்னு சந்தேகப்படுறவங்களுக்கு: ஸ்காட்லாந்துல டம்பார்ட்டன் விஸ்கி கிடங்குக்கு 1959-லேருந்து 2012 வரைக்கும் இதே வெள்ளை சீன வாத்துதான் காவல். அப்புறம் கேமரா வந்துருச்சு.

தோப்புப் பையன்:
அண்ணே, அனுபவம் கேட்டா பண்ணையே வச்சுக் கொடுத்துட்டீங்க. உங்களைக் கடிச்சிருக்கா, இல்லையா?

பழைய பண்ணை:
முதுகுல. குனிஞ்சு தண்ணித் தொட்டி கழுவும்போது.